சம்மதித்துப் பிரிவது: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் “இனி எங்கள் இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரவர் இஷ்டப்படி வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ளலாம்” என்று எழுதி, இரு வீட்டுப் பெரியவர்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டால் விவாகரத்து முடிந்தது என்று நினைக்கிறவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். சில ஊர்களில் இதற்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்றே பெயர். இன்னும் சிலர், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இரு தரப்பும் எழுதிக் கொடுத்த காகிதத்தை விவாகரத்து என்று நம்பிப் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். இந்தக் காகிதங்களால் திருமணம் முறியாது. இதை நம்பி இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது. முதல் மனைவியோ கணவனோ புகார் கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமிருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வழக்கப்படி நடக்கும் மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது என்று, கேள்வி எழும்போது நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். அது எளிதில் நடக்கிற காரியமில்லை. அதை நம்பிப் பத்திரம் எழுதுவதைவிட நேராக நீதிமன்றத்துக்குப் போவதே புத்திசாலித்தனம்.

அந்த முத்திரைத்தாளில் எழுதுகிறவர்கள் விரும்புவது நியாயமான ஒன்றைத்தான். ஒருவர்மேல் ஒருவர் சேற்றை வாரி இறைக்காமல், சாட்சிக் கூண்டில் ஏறிப் படுக்கையறை விஷயங்களைப் பேசாமல், கௌரவமாகப் பிரிந்துபோக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. அதுதான் பரஸ்பர சம்மத விவாகரத்து. நீதிமன்ற வராந்தாக்களில் இதைச் சுருக்கமாக ‘மியூச்சுவல்’ என்பார்கள்.

1955இல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது இந்த வழி அதில் இல்லை. விவாகரத்து வேண்டுமென்றால் ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சாட்டித்தான் தீரவேண்டும். பதிவுத் திருமணம் செய்துகொள்கிறவர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மட்டும் 28ஆம் பிரிவாக இது இருந்தது. 1976இல் நாடாளுமன்றம் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி 13பி என்ற பிரிவைச் சேர்த்த பிறகுதான் இந்துக்கள், சமணர், பௌத்தர், சீக்கியர் எல்லோருக்கும் இந்தக் கதவு திறந்தது. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கும் இதே பிரிவுதான்.

சண்டையிட்டு நடத்தும் வழக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மனுவின் முதல் பக்கத்திலேயே தெரியும். 13ஆம் பிரிவின்படி வழக்குப் போட்டால் கொடுமை, கைவிட்டுப் போதல், தகாத உறவு என்று ஒரு காரணத்தைச் சொல்லி அதை நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு மறுத்துப் பதிலுரை போடும். சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தாவுக்கு மேல் வாய்தா என ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 13பி மனுவில் யார்மேலும் குற்றச்சாட்டு இருக்காது. கணவர் முதல் மனுதாரர், மனைவி இரண்டாம் மனுதாரர். எதிர்மனுதாரர் என்று யாரும் கிடையாது. இருவரும் சேர்ந்து, “எங்களால் சேர்ந்து வாழ முடியவில்லை, பிரித்துவிடுங்கள்” என்று கேட்கிறார்கள். ஏன் முடியவில்லை என்று விலாவாரியாக விளக்க வேண்டியதும் இல்லை.

சட்டம் கேட்பது மூன்றே விஷயங்கள். மனுப் போடும் நாளுக்கு முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியாத நிலை இருக்க வேண்டும். திருமணத்தை முடித்துக்கொள்ள இருவரும் சம்மதித்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் பெண் தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. வாடகை கட்ட வழியில்லாமலோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ ஒரே வீட்டில் இருந்தாலும், கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான். ‘கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது, ஒத்துவரவில்லை’ என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஓராண்டு காத்திருக்கத்தான் வேண்டும்.

நீதிமன்றத்தில் நடப்பது

திருமணம் நடந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது இருக்கும் ஊர் என எந்த ஊர் நீதிமன்றத்திலும் மனுப் போடலாம். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊர்களில் சார்பு நீதிமன்றம் விசாரிக்கும். சென்னையில் குடும்ப நல நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் படம், ஆதார், பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணப் பதிவு கட்டாயம். பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமல் போவதில்லை; பத்திரிகையும் படங்களும் அப்போது ஆதாரமாகும்.

மனுவைத் தாக்கல் செய்து இருவரும் நீதிபதி முன் நிற்பதை முதல் கட்டம் என்று சொல்லலாம். பல நீதிமன்றங்களில் கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று பார்ப்பது 1984ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் நீதிபதிக்குக் கொடுத்திருக்கும் கடமை. அதைத் தொந்தரவாக நினைத்து எரிச்சல்பட வேண்டாம். பெற்றோர் முன்னிலையில் சொல்லமுடியாததை அந்த அறையில்தான் சிலர் முதல்முறையாகச் சொல்கிறார்கள்.

அடுத்தது காத்திருப்பு. மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, ஆனால் பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து “எங்கள் முடிவில் மாற்றமில்லை” என்று சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டத்தில் இருவரும் பிரமாணப் பத்திரம் கொடுப்பார்கள். நீதிபதி நேரடியாகக் கேட்பார். சுயவிருப்பத்தோடுதான் கையெழுத்துப் போட்டீர்களா? யாராவது மிரட்டினார்களா? பேசிய பணம் வந்து சேர்ந்ததா? குழந்தை யாரிடம் இருக்கும்? இதெல்லாம் சம்பிரதாயக் கேள்விகள் என்று எண்ணிவிடக்கூடாது. மிரட்டியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கப்படவில்லை என்று திருப்தி அடைந்தால்தான் தீர்ப்பு வழங்கலாம் என்று சட்டம் நீதிபதிக்கு நிபந்தனை போட்டிருக்கிறது. மிரட்டலுக்குப் பயந்து கையெழுத்துப் போட்ட பெண் உண்மையைச் சொல்லத் தக்க இடம் அதுதான்.

இந்த ஆறு மாதத்தைக் குறைக்க முடியுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. முடியும்; ஆனால் எல்லோருக்கும் முடியாது. 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமில்லை, தகுந்த வழக்கில் விசாரணை நீதிமன்றமே அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று சொன்னது. அதற்கு, மனுப் போடும்போதே ஒன்றரை ஆண்டுப் பிரிவு முடிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி எல்லாம் தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை, மற்ற வழக்குகள் அனைத்தும் உண்மையாகவே பேசித் தீர்ந்திருக்க வேண்டும். இனியும் காத்திருப்பது வேதனையை நீட்டிப்பதாக மட்டுமே இருக்க வேண்டும். முதல் கட்டம் முடிந்து ஒரு வாரத்திலேயே இதற்கு மனுச் செய்யலாம். ‘பத்து நாளில் டைவர்ஸ்’ என்று யாராவது ஆசை காட்டினால் இந்த நிபந்தனைகளை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு, மீளமுடியாமல் முறிந்துபோன திருமணத்தை அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றமே முடித்துவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது உண்மைதான். அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. மதுரையிலோ சேலத்திலோ இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்தில் அதைக் கேட்கமுடியாது.

இடையில் ஒருவர் மனம் மாறினால்? தீர்ப்பு வரும்வரை சம்மதம் உயிரோடு இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ எந்த நேரத்திலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஒருவர் வராமலே இருந்துவிட்டால் அவர் மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லியிருக்கிறது. அப்படி ஆனால் இந்த மனு அத்தோடு முடிந்துவிடும். பிரிய விரும்புகிறவர் 13ஆம் பிரிவில் புதிதாக வழக்குப் போட வேண்டியதுதான். இதனால்தான் பேச்சுவார்த்தை அரைகுறையாக இருக்கும்போது அவசரப்பட்டு மனுப் போடக்கூடாது.

ஒப்பந்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது

‘பிரிய இருவருக்கும் சம்மதம்’ என்பது இந்த விவகாரத்தில் மிகச் சிறிய பகுதி. பணம், நகை, வீடு, கடன், குழந்தை, போலீஸ் கேஸ் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சம்மதம் வேண்டும். அது எழுத்தில், தேதியோடு, தொகையோடு இருக்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் வருஷக்கணக்கில் அலைகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒப்பந்தத்தைச் சரியாக எழுதாதவர்கள்தான்.

நகையிலிருந்து தொடங்குவோம். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகையும் சீராகக் கொடுத்த பொருளும் அவளுடைய சொத்து. இதை 1985இலேயே உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ‘அறுபது பவுனைத் திருப்பிக் கொடுத்தாச்சு, இதுக்கு மேல ஜீவனாம்சம் எதுக்கு’ என்று பஞ்சாயத்தில் கேட்பது வழக்கம். அவளுடைய பொருளை அவளிடம் கொடுப்பது ஜீவனாம்சம் ஆகாது. இரண்டையும் ஒரே கணக்கில் போட யாரையும் அனுமதிக்காதீர்கள். எந்தெந்த நகை, எத்தனை கிராம், எது வங்கியில் அடகில் இருக்கிறது, வட்டியைக் கட்டி மீட்பது யார் என்று பட்டியலாகவே எழுதுங்கள். கல்யாண ஆல்பமும் நகைக்கடை ரசீதும் இதற்கு உதவும்.

பணம் எப்போது கைமாறும் என்பதில் இரு தரப்புக்கும் பயம் இருக்கும். முழுவதும் முதலிலேயே கொடுத்துவிட்டால் அவள் இரண்டாவது முறை வரமாட்டாளோ என்பது கணவனின் பயம். தீர்ப்பு வந்த பிறகு கொடுக்கலாம் என்றால் அவன் கைவிரித்துவிடுவானோ என்பது மனைவியின் பயம். இரண்டு பயத்திலும் நியாயம் உண்டு. அதனால்தான் தவணை முறை. 12 லட்சம் என்று பேசி முடித்திருந்தால், முதல் கட்டத்தின்போது 4 லட்சம், இரண்டாம் கட்டத்தில் நீதிபதி முன்னிலையிலேயே 6 லட்சத்துக்கு டிடி, கிரிமினல் கேஸ் ரத்தாகும் நாளில் மீதி 2 லட்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுப்பது, ‘மாமா பொறுப்பு’ என்று சொந்தக்காரர் வாக்குறுதி கொடுப்பது எல்லாம் வேண்டாம். டிடியின் எண் ஒப்பந்தத்திலோ நீதிமன்றப் பதிவிலோ ஏற வேண்டும்.

தொகையை முடிவு செய்யும் முன் இருவரும் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் திறந்து காட்டுவது அவசியம். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சம்மத விவாகரத்திலும் அதே படிவத்தை முன்வைத்து உட்கார்ந்து பேசலாம். கணவருக்கு எவ்வளவு சம்பளம் என்றே தெரியாமல் ஒரு தொகைக்குச் சரி என்று சொல்வதைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. மாதாமாதம் பராமரிப்புத் தொகை கேட்கும் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆக இருக்கிறது. பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு அந்தத் தொகை கிடையாது என்று அதன் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. ஆகவே, மனுப் போட்டதிலிருந்து தீர்ப்பு வரும்வரை குடும்பச் செலவுக்கு என்ன வழி என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ‘எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்’ என்று வெறுத்துப்போய் எழுதிக் கொடுப்பது அந்த நேரத்தில் நிம்மதியாக இருக்கலாம். அந்த வரி பின்னாளில் அவளுக்கு எதிராகவே வாசிக்கப்படும்.

வீடு இருந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். கூட்டுப் பெயரில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தால், ‘இனி தவணையைக் கணவரே கட்டுவார்’ என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாமல் விட்டால் வங்கி மனைவியின் கதவையும் தட்டும். கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கியின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும், இல்லையென்றால் வீட்டை விற்றுக் கடனை அடைப்பதே நல்லது. ஒருவர் பங்கை மற்றவருக்கு எழுதி வைப்பதாக இருந்தால் அதைத் தீர்ப்புக்கு முன்பே செய்வது செலவைக் குறைக்கும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்குச் செய்யும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை இருக்கிறது. விவாகரத்து ஆன பிறகு அவர்கள் கணவன் மனைவி இல்லை.

குழந்தை விஷயத்தில்தான் மிகவும் அலட்சியமாக எழுதுகிறார்கள். “குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.” பல ஒப்பந்தங்களில் இந்த ஒரே வரிதான் இருக்கும். அவ்வப்போது என்றால் எப்போது? எங்கே? யார் கூட்டி வருவது? அவளுக்கு வசதிப்படாத ஞாயிறுகளாகவே பார்த்து அவன் வருவான். அவன் வரும் நாளில் எல்லாம் குழந்தைக்குக் காய்ச்சல் என்பாள். இப்படி எழுதிப் பாருங்கள்: “மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குத் தந்தை, தாயின் வீட்டு வாசலிலிருந்து குழந்தையை அழைத்துச் சென்று மாலை 6 மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். கோடை விடுமுறையில் முதல் பாதி தாயிடமும் மறுபாதி தந்தையிடமும். இந்த ஆண்டு தீபாவளி தாயிடம், பொங்கல் தந்தையிடம்; அடுத்த ஆண்டு மாறி வரும். பள்ளிக் கட்டணம் தந்தையுடையது, ஜூன் 5ஆம் தேதிக்குள் நேரடியாகப் பள்ளிக் கணக்கில் கட்டப்படும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட இருவரும் மறுக்கமாட்டார்கள்.” படிக்க வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஏழு வயதுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை போட்டுக்கொண்டு யாருக்காகவோ வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் இருக்க இந்த வரிகள்தான் வழி. தாத்தா பாட்டியையும் மறக்காமல் சேருங்கள். பேரன் பேத்தியைப் பார்க்க முடியாமல் போகும் வயதானவர்களின் வலியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

குழந்தையின் பராமரிப்புத் தொகையைத் தாயோ தந்தையோ விட்டுக்கொடுக்க முடியாது. அது குழந்தையின் உரிமை. ‘குழந்தைக்காகவும் எதுவும் கேட்கமாட்டேன்’ என்று தாய் எழுதிக் கொடுத்திருந்தாலும், தேவை வரும்போது அந்தக் குழந்தைக்காக நீதிமன்றத்துக்குப் போகலாம். குழந்தை யாரிடம் இருப்பது என்ற ஏற்பாடும் நிரந்தரமானதில்லை. நிலைமை மாறினால் நீதிமன்றம் மாற்றி அமைக்கும்.

கடைசியாக, நிலுவையில் இருக்கும் வழக்குகள். விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டதால் வரதட்சணைக் கொடுமை வழக்குத் தானாக ரத்தாகாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவிலோ, 2024 ஜூலை 1க்குப் பிறகு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவிலோ வழக்குப் பதிவாகியிருந்தால், காவல் நிலையத்தில் ‘வாபஸ்’ என்று எழுதிக் கொடுத்து அதை முடிக்க முடியாது. இரு தரப்பும் சமரசமாகிவிட்டதைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ மனுப் போட்டு ரத்து செய்ய வேண்டும். அதற்கு மனைவியின் பிரமாணப் பத்திரம் தேவை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நேரத்தில்தான் பழைய வழக்கு உயிரோடு இருப்பது சிலருக்குத் தெரியவருகிறது. குடும்ப வன்முறைச் சட்ட வழக்கு, ஜீவனாம்ச வழக்கு எல்லாவற்றின் எண்ணையும் ஒப்பந்தத்தில் குறிப்பிட்டு, எது எப்போது முடிக்கப்படும் என்று எழுத வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்?

இருவருக்குமே இந்த வாழ்க்கை முடிந்துவிட்டது என்று மனதுக்குள் தெளிவாகத் தெரிந்திருந்தால், கோபம் இருந்தாலும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பேச முடிந்தால், ஒருவர் சொத்து விவரம் மற்றவருக்குத் தெரிந்திருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. குழந்தை இருக்கும் தம்பதிக்கு இது இன்னும் பொருத்தம். பிரிந்த பிறகும் பள்ளி ஆண்டுவிழாவிலும் மகள் கல்யாணத்திலும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். நீதிமன்றத்தில் ஐந்து வருஷம் ஒருவரை ஒருவர் ஏசியவர்களால் அது முடிவதில்லை. நட்போடு பிரிய வேண்டும் என்றுகூட இல்லை. எழுதியதை மதிக்கும் குணம் இருந்தால் போதும்.

அடி உதைக்குப் பயந்தோ, ‘கையெழுத்துப் போடவில்லை என்றால் குழந்தையைக் காட்டமாட்டோம்’ என்ற மிரட்டலுக்காகவோ ஒருவர் சம்மதிக்கிறார் என்றால் இது அவருக்கான வழி இல்லை. அவருக்குத் தேவை முதலில் பாதுகாப்பு, பேச்சுவார்த்தை பிறகு. வீட்டில் வன்முறை இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். பொய் வழக்குப் போடுவோம் என்று மிரட்டிக் கணவரிடம் கையெழுத்து வாங்கும் குடும்பங்களும் உண்டு. அதுவும் சம்மதம் ஆகாது. துணை எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவர்களுக்கும், தன் முடிவைப் புரிந்துகொள்ளும் மனநிலையில் துணை இல்லாதவர்களுக்கும் இந்தக் கதவு மூடியேதான் இருக்கும். சேர்ந்து வாழலாமா என்ற சிறு ஊசலாட்டம் ஒருவருக்காவது இருந்தால், மனுவைத் தள்ளிப்போட்டு ஒரு நல்ல ஆலோசகரைப் பாருங்கள். அந்தச் சில மாதத்தில் எதுவும் கெட்டுப்போகாது.

இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே வழக்கறிஞர் மனுவைத் தயார் செய்வது வழக்கமாகிவிட்டது. செலவு குறைகிறது, வேலையும் சீக்கிரம் முடிகிறது. அப்படியே செய்தாலும், கையெழுத்துப் போடும் முன் அந்த ஒப்பந்தத்தை நீங்கள் தனியாக நம்பும் இன்னொரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள். கட்டணம் கொடுப்பது கணவர் வீடு என்றால் மனைவி இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

மற்ற மதத்தவருக்கும் இந்த வழி உண்டு. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் 2001இல் சேர்த்த 10ஏ பிரிவு இருக்கிறது. அதில் இரண்டு ஆண்டுப் பிரிவு என்று எழுதப்பட்டுள்ளது. கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அதை ஓராண்டாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தேவாலயம் தரும் ரத்து மட்டும் சட்டத்துக்குப் போதாது. இஸ்லாமியர்களுக்கு, இருவரும் சம்மதித்துப் பிரியும் முபாரத் முறை மார்க்கத்திலேயே உள்ளது. அதை எழுத்தில் வைத்துக் குடும்ப நல நீதிமன்றத்தில் அறிவிப்பு பெற்றுக்கொள்வது பின்னாளில் வரும் சிக்கலைத் தடுக்கும். தனியார் ஷரியத் கவுன்சில்கள் தரும் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருப்பதை நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கேயே விவாகரத்து வாங்கிவிட்டால் இங்கும் செல்லும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. நம் சட்டம் ஏற்காத காரணத்துக்காகவும், ஒருவர் அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்படச் சம்மதிக்காதபோதும் வழங்கிய தீர்ப்பு இந்தியாவில் செல்லாது என்று 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இருவரும் முன்வந்து சம்மதித்தால் இங்கேயே 13பி மனுவைப் போட்டு, நீதிமன்ற அனுமதியோடு காணொலியில் ஆஜராவது நிம்மதியான வழி.

தீர்ப்பு வந்த அன்றே வேலை முடிந்துவிடாது. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். மறுமணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அதைத்தான் கேட்பார்கள். சம்மதத்தின்பேரில் குடும்ப நல நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. நகல் கையில் வந்த பிறகு மறுமணத் தேதி குறிக்கலாம். வங்கிக் கணக்கு, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி எல்லாவற்றிலும் நாமினி பெயரை மாற்றுங்கள். பிரிந்துபோனவர் பெயரே பத்து வருஷம் கழித்தும் பாலிசியில் இருந்து, ஒரு சாவுக்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் மோதிக்கொள்ளும்படி விட்டுவிடாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பதற்காக யாரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி எந்தப் பெண்ணுக்கும், அவர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. குறைந்த வருமானமுள்ள ஆண்களுக்கும் கிடைக்கும். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அங்கே போய் அதைக் காட்டிக் கேளுங்கள்.